இடுகாட்டு அமைதி அமைதியாகாது!

போர் ஓய்வது வேறு. அமைதி பிறப்பது வேறு. களைத்த படைகள் மூச்சு வாங்கும் இடைவெளிக்கு அமைதியென்று பெயர் சூட்டுவது, சீழை உள்ளே வைத்துப் புண்ணை மூடுவது போன்றதாகும். இவ் வேறுபாட்டை 1795-ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தவர் செருமானிய மெய்ப்பொருளறிஞர் இம்மானுவேல் காண்ட்டு. 'நிலைத்த அமைதி' பற்றிய தம் சிறு நூலின் தொடக்கத்திலேயே, ஒல்லாந்து விடுதிக்காரன் ஒருவனின் பெயர்ப்பலகையை அவர் நினைவூட்டினார். அதில் அப் பெயரோடு தீட்டப்பட்டிருந்தது ஓர் இடுகாடு! மாந்தர் மாண்டபின் வரும் அமைதி எவர்க்கு வேண்டும்?

அந் நூலின் முதல் நெறி: வருங்காலப் போருக்கான கருவை உள்ளே மறைத்துச் செய்யும் உடன்படிக்கை அமைதி உடன்படிக்கையாகாது. இரண்டாம் நெறி: தனித்து நிற்கும் எந் நாட்டையும், அது சிறிதாயினும் பெரிதாயினும், வழியுரிமையாலோ மாற்றாலோ விலையாலோ கொடையாலோ இன்னொரு நாடு அடைதல் கூடாது. நாடு என்பது கைமாற்றும் பொருளன்று. தன் வேரில் தான் நிற்கும் மரம். ஐந்தாம் நெறி: ஒரு நாட்டின் அமைப்பிலும் ஆட்சியிலும் மற்றொரு நாடு வன்முறையால் தலையிடலாகாது. போலந்தை உருசியாவும் ஆத்திரியாவும் பிரசியாவும் கூறுபோட்டு விழுங்கிக்கொண்டிருந்த காலத்தில், அப் பிரசிய அரசின் குடிமகனாக இருந்தே அவர் இவற்றை எழுதினார்.

இந் நெறிகளை உக்கிரைன் போரின்மேல் வைத்துப் பார்த்தால் குற்றவாளி தானே வெளிப்படுவான். 1994-இல் புடாபெசுட்டு நகரில், தன் மண்ணிலிருந்த அணுப் படைக்கலன்களைக் கைவிட உக்கிரைன் ஒப்பியது. அதன் எல்லைகளை மதிப்பதாக உருசியாவும் அமெரிக்காவும் பிரித்தானியாவும் கையொப்பமிட்டன. 2014-இல் உருசியா கிரிமியாவைக் கவர்ந்துகொண்டது. அதன்பின் எழுதப்பட்ட மின்சுக்கு உடன்பாடுகள் போரைத் தீர்க்கவில்லை, தள்ளிப்போட்டன. 2022 பிப்பிரவரி 24-இல் முழுப் படையெடுப்பு! அவ்வாண்டு செப்டம்பர் 30-இல், முழுதும் கைப்பற்றாத நான்கு மாநிலங்களைத் தன்னுடையவை என்று அறிவித்தது உருசியா.

உருசியரும் உக்கிரைனியரும் ஒரே மக்கள் என்று 2021-இல் கட்டுரை தீட்டினார் புதின். ஒரே மக்களாயின், 1876-இல் உருசியப் பேரரசன் உக்கிரைன் மொழியில் பெரும்பாலான நூல்கள் அச்சாவதையும் நாடகங்கள் நடிக்கப்படுவதையும் தடை செய்தது ஏன்? இல்லாத மொழிக்கு எவனேனும் தடை போடுவானா?

'நேட்டோ படைக்கூட்டு எல்லையை நெருங்கியது, அஞ்சினோம்' என்பர். நிலைப்படைகள் ஒன்றையொன்று அச்சுறுத்திப் போரை வளர்க்கும் என்று மூன்றாம் நெறியிலேயே காண்ட்டு எச்சரித்துள்ளார். ஆயினும் அச்சம், அடுத்தவன் நிலத்தைத் தன் பெயரில் எழுதிக்கொள்ளும் உரிமைச்சீட்டு ஆகாது. மேலையர்க்கும் விலக்கில்லை. 2003-இல் ஈராக்கின்மேல் படையெடுத்த அமெரிக்காவும் பிரித்தானியாவும் அதே ஐந்தாம் நெறியை மிதித்தவையே.

காண்ட்டு பிறந்து, வாழ்ந்து, மறைந்த கோனிக்சுபெர்கு இன்று உருசியாவின் கலினின்கிராடு. அவர்தம் 300-ஆம் பிறந்த ஆண்டாகிய 2024-இல், இப் போருக்கு அவரும் பொறுப்பு என்று அப் பகுதியின் ஆளுநரே பேசினார். கல்லறையைக் காத்துக்கொண்டு கருத்தைக் கொல்வது இதுதான்!

நிலத்தைப் பங்கிட்டு அமைதி வாங்கலாம் என்போர் இரண்டாம் நெறியை மீண்டும் படிக்கட்டும். மண்ணுக்குரிய மக்களைக் கேளாமல் மண்ணைக் கைமாற்றும் உடன்படிக்கை எதுவாயினும், அஃது அடுத்த போரின் முதல் ஏடே.