ஏன் அந்தக் கடைக்கே போறீங்க?

யட்டியாந்தோட்டைப் பக்கம் எங்க லயத்துக்கு போன மாசம் ஒரு சர்வே வந்தது. பால்மா விக்கிற கம்பெனிக்காக. கையில டெப், கேள்வியெல்லாம் சிங்களம். வந்த நங்கிக்குத் தமிழ் தெரியாததால எங்களில ஒருத்தர் மொழிபெயர்க்கப் போனார். "ஏன் சின்னப் பக்கெட் வாங்குறீங்க?" என்பதற்கு நாலு விடை: விலை, தரம், விளம்பரம், வேறு. பக்கத்துக் காம்பரா அக்கா கொஞ்சம் யோசிச்சு, "விலைன்னு போடுங்க" என்றார். நங்கி அதை அமுக்கிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிட்டார்.

அன்று பின்னேரம் இஸ்தோப்பில உட்கார்ந்து பேசினப்போதான் கதையே வந்தது. கணக்குப் பார்த்தா சின்னப் பக்கெட்தான் விலை கூட என்று அக்காவுக்கு நல்லாத் தெரியும். ஆனா 400 கிராம் பக்கெட்டை உடைச்சா வீட்டில யாரும் அளவு பார்க்க மாட்டாங்க, சம்பளத்துக்கு முன்னமே முடிஞ்சிரும். சரி, டவுன்ல விலை குறைவுதானே? குறைவுதான், ஆனா டவுன் கடையில கடன் கொப்பி இல்ல. மழைக்கு றப்பர் வெட்டு நின்ன கிழமையெல்லாம் அரிசி, மா தந்த கடைக்காரரை, சம்பளம் கிடைச்ச அன்றைக்கு விட்டுட்டு பஸ் ஏறினா அடுத்த மழைக்கு எந்த முகத்தோட போறது?

இதில எது "விலை"?

இப்படி உட்கார்ந்து பேச விடுறதைத்தான் படிச்சவங்க பண்புசார் ஆய்வு என்கிறாங்க. ஆழமான நேர்காணல், குழுவாப் பேச வைக்கிறது, கூடவே இருந்து பார்க்கிறது எல்லாம் அதில அடக்கம். புதுசும் இல்ல. வியன்னாவில இருந்து அமெரிக்கா போன உளவியலாளர் எர்னஸ்ட் டிக்டர், 1939இல் ஐவரி சோப்புக்காக ஆட்களைச் சந்தித்தபோது, எந்த சோப் பிடிக்கும் என்று கேட்டு நிறுத்தவில்லை. குளிக்கிறதைப் பற்றியே பேச விட்டார். (சோப் விக்கத்தான், அது எங்களுக்கும் தெரியும்.)

எண்ணிக்கை வேண்டாம் என்று நாங்க சொல்லல்ல. 2019 வீட்டு வருமான, செலவின ஆய்வில் நாட்டு வறுமை 14.3 சதவீதம், தோட்டத்துறையில 33.8. அந்த எண் இல்லாட்டி எங்க நிலைமையை யாரும் நம்பவே மாட்டாங்க. ஆனா எண்ணை மட்டும் பார்த்துட்டு, "தோட்டத்து ஆட்களுக்குச் செலவழிக்கத் தெரியாது" என்று முடிவு கட்டுறவங்களையும் பார்த்திருக்கோம். அக்காவோட கணக்கு எவ்வளவு நுணுக்கம் என்று அவங்களுக்கு யார் சொல்றது?

குழுவாக் கூப்பிட்டாலும் சிக்கல் இருக்கு. தலைவரும் கங்காணியும் முன் வரிசையில உட்கார்ந்தா பொம்பளைங்க வாய் திறக்க மாட்டாங்க. கடன் கதையை யார் நாலு பேர் முன்னால சொல்லுவா? அவங்க வேலை முடிஞ்சு வந்து, அடுப்பு வேலையும் முடிஞ்ச பிறகு, தனியா, தமிழில கேட்கணும். அதுக்கு ஏ.எல். முடிச்சிட்டு வேலை தேடுற பிள்ளைங்க இறக்குவானையில இருந்து தெரணியகலை வரைக்கும் இருக்காங்க. சம்பளம் குடுத்து எடுங்க, சும்மா மொழிபெயர்க்கக் கூப்பிடாதீங்க. கேட்டு எழுதினதை, கம்பெனிக்கு அனுப்ப முந்தி அந்த வீட்டுக்கே வாசிச்சுக் காட்டணும். கடைக்காரர் பேரை எழுத வேண்டாம் என்று அக்கா கட்டாயம் சொல்லுவார்.

அடுத்த சர்வேக்கு மொழிபெயர்க்கப் போறவங்க "வேறு" என்பதை அமுக்கச் சொல்லிப் பாருங்க. எழுத எத்தனை வரி இடம் இருக்கு என்று எங்களுக்கும் சொல்லுங்க.