நடக்கச் சொல்கிறார் டாக்டர்

சீனி வருத்தத்துக்கும் பிரஷருக்கும் கிளினிக் போய்வரும் நம் பெண்களுக்கு மருந்துத் துண்டோடு ஒரு புத்திமதியும் கிடைக்கிறது: "தினமும் அரை மணித்தியாலம் நடங்க." லயத்தில் இதைச் சொல்லிச் சிரிக்காத ஆளில்லை. பசறையிலும் மடுல்சீமையிலும் விடிந்ததும் பெரட்டுக்குப் போய், மலை ஏறி, நிரை பிடித்து, கொழுந்து நிறுக்க இறங்கி, மறுபடி ஏறுகிறவர்களுக்கு இன்னும் என்ன நடை?

டாக்டர்மார் சொல்வது பிழையல்ல. பெரியவர்கள் வாரத்துக்கு 150 நிமிடமாவது உடலை அசைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டி சொல்கிறது. வேலையை விட்டு வீட்டில் இருப்போருக்கும், நாள் முழுக்கத் திரீவீல் ஓட்டும் நம் பிள்ளைகளுக்கும் அது அப்படியே பொருந்தும். கொழுந்தெடுப்பவருக்கு? வேலையில் படும் பாடும் ஓய்வுநேரப் பயிற்சியும் உடலுக்கு ஒன்றல்ல என்று டென்மார்க் ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாக எழுதி வருகிறார்கள். நமக்கு இது புதினமில்லை. பயிற்சி செய்கிறவர் களைத்தால் நிற்கலாம். மலையில் நிற்க முடியுமா? முதுகில் கூடையோ சாக்கோ, குனிந்த கழுத்து, ஓயாத கை, எட்டு மணித்தியாலம். கிலோ குறைந்தால் அரைப் பேர். 2021இல் ஆயிரம் ரூபா வர்த்தமானியில் வந்ததும் தோட்டங்களில் கிலோவை ஏற்றியதை மறப்போமா?

முழங்கால் வலிக்கும் இடுப்பு வலிக்கும் சொல்லிக்கொடுக்கும் பயிற்சி வேறு. அதை அலட்சியம் செய்யவேண்டாம். தைலத்தையும் பெனடோலையும் விட நின்று பலன் தருவது அதுதான். ஆனால் அதைப் பழக நாலைந்து தடவை டவுனுக்கு பஸ் ஏறவேண்டும். ஒவ்வொரு தடவையும் ஒரு பேர் போகிறது. இரண்டாம் தடவையோடு நிறுத்திவிடுகிறவர்களைச் சோம்பேறி என்று யாரும் சொல்லக்கூடாது. கையில் தரும் தாள் சிங்களத்தில் மட்டும் இருந்தால் அதை வாசித்துச் சொல்லவும் ஆள் தேடவேண்டும்.

கிளினிக்கில் "என்ன வேலை?" என்று கேட்காவிட்டால் நாமே சொல்வோம். எத்தனை கிலோ சுமக்கிறோம், எவ்வளவு நேரம் நிற்கிறோம், மலையில் தண்ணி குடிக்க, ஒதுங்க வழியிருக்கிறதா என்பதெல்லாம் டாக்டருக்குத் தெரியவேண்டியவை. தமிழில் தாள் கேட்பதும் நம் உரிமை.

நிர்வாகங்களிடம் நாம் கேட்பது இரண்டு. கிளினிக் துண்டைக் காட்டினால் அன்றைய பேரை வெட்டக்கூடாது. டாக்டர் எழுதிக்கொடுத்த பயிற்சிக்குக் காலையில் பத்து நிமிடம், பகலில் பத்து நிமிடம் வேலை நேரத்திலேயே தரவேண்டும். அடுத்த பேச்சுவார்த்தையில் இதை வைப்பதற்கு, பேர் வெட்டுப்பட்ட நாட்களின் கிளினிக் துண்டுகளை மாதர் சங்கத் தலைவிமார் சேர்த்து இம்மாத முடிவுக்குள் தோட்டக் கமிட்டியில் கொடுக்கவும்.