சாயம்போகா அறிவு

கொடைக்கானலுக்கு மேற்கே, பூம்பாறைக்கு அப்பால், ஏரியும் சோலையும் அணிசெய்ய அமைந்த மலையூர் கூக்கால். அத்தகைய மலைக்காட்டை உலக நிலைத்திணை நூலார் 'சோலா' என்றே எழுதுகின்றனர். அது தமிழ்ச் 'சோலை'யே. சொல் கடல்கடந்து பெருமை பெற்றது. இம்மலைச் சோலைகளை இலை இலையாக அறிந்த பழங்குடிப் பெண்ணோ பெருமையும் பெற்றிலள். உரிமையும் முழுதாகப் பெற்றிலள்.

பழனிமலைப் பளியர் நெசவுக்குடியினர் அல்லர். தேனும் கிழங்கும் கடுக்காயும் தேடி வாழ்ந்த காட்டுக்குடியினர். ஆயினும் தமிழகச் சாயத்தொழிலின் ஒரு வேர் அவர்தம் காட்டிலேயே இருந்தது. பழமுறைச் சாயத்தில், கடுக்காயின் துவர்ப்பு இன்றேல் பருத்தியில் நிறம் நன்கு ஊன்றாது. மலைச்சரிவில் பொறுக்கிய கடுக்காயே சமவெளியின் சாயத்தொட்டிக்கும் தோல் பதனிடும் தொட்டிக்கும் சென்றது.

சிவப்புத் தரும் செவ்வல்லிக்கொடி (மஞ்சிட்டி) இம்மலைச் சோலைகளில் படர்கின்றது. வெள்ளிலோத்திர இனத்து மரங்களும் அங்கே நிற்கின்றன. அவற்றின் இலை, மண்ணிலுள்ள அலுமினியத்தை உறிஞ்சிச் சேர்த்துவைப்பது. படிகாரம் செய்யும் வேலையை அவ்விலையே செய்யும். இந்தோனேசியத் தீவுகளின் நெசவுப்பெண்டிர், அவ்வினத்து மரத்தின் உதிர்ந்த இலையைக் கொண்டே நுணாவேர்ச் சிவப்பைத் துணியில் நிலைநிறுத்துகின்றனர். ஆத்திரேலியாவின் வடபுலமாகிய ஆர்னம் நிலத்துப் பழங்குடித் தாய்மார், தாழைநாரை வேராலும் இலையாலும் நிறமூட்டி, அக்கலையை மகளிர்க்குக் கைமாற்றுகின்றனர். ஆங்கு அது கலை எனப் போற்றப்படுகின்றது. ஈங்குக் காட்டறிவின் பயனுக்கு அலுவலகத்தார் இட்ட பெயர் 'சிறுவன மகசூல்'. அப்பெயரில் தமிழும் குறைவு. அறிவுக்கு இடமும் இல்லை.

சாயவேரின் செம்பொருளைச் செயற்கையாக ஆக்கும் வழியைச் செருமானிய வேதியலார் 1868-69இல் கண்டனர். 1897இல் செயற்கை அவுரி சந்தைக்கு வந்தது. வேர் அகழ்வோரும் அவுரி விளைப்போரும் தொழிலிழந்தனர். பின்னர்ச் சாயக்கழிவால் நொய்யல் கெட்டது. 2011இல் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூடுமாறு உயர்முறைமன்றம் ஆணையிட நேர்ந்தது.

தொழில் போயின் மீட்கலாம். பெயர் போயின் மீட்டல் அரிது. எந்த இலை, எந்தப் பருவம், எதற்கு உதவும் என்பதெல்லாம் செடியின் பெயரோடு ஒட்டியே வாழ்வன. பளியர் பேச்சு தமிழோடு உடன்பிறந்தது. தாயிடம் அச்செடிப்பெயர்களைக் கேட்ட சிறுமி, பள்ளிப் பாடத்தில் அவற்றைக் காண்பதில்லை. நகரத்தில் அமர்ந்து புதுச்சொல் படைக்கும் தமிழன்பர், காட்டில் உயிரோடுள்ள சொல்லைச் சாகவிடுதல் எவ்வகைத் தமிழ்த்தொண்டு?

2006ஆம் ஆண்டின் காட்டுரிமைச் சட்டம், காட்டுச் சிறுபொருள்கள்மேல் உடைமையுரிமையையும் மரபறிவின்மேல் குமுகவுரிமையையும் காடுவாழ் மக்களுக்கு ஏற்றுள்ளது. 2013இல் கொடைக்கானல் காட்டுயிர்ப் புகலிடம் அமைந்தபின், இவ்வுரிமையை ஊர்தோறும் எழுத்தில் உறுதிசெய்தல் இன்னும் இன்றியமையாததாயிற்று.

செய்யத்தக்கவை மூன்று. பளியர் மகளிரின் வாய்ச்சொற்களை, அவர் இசைவோடும் அவர் பெயரோடும் தொகுத்தல் வேண்டும். அத்தொகுப்பு மலைப்பள்ளிகளில் பாடமாதல் வேண்டும். அவ்வறிவால் வணிகர் ஈட்டும் பொருளில் அவர்க்குப் பங்கு வேண்டும்.

காடறிந்த மூதாட்டியர் ஒவ்வொருவராய் மறைகின்றனர். தமிழ்காப்போம் என்பார் முதற்கண் அவர்தம் குடிசை வாயிலில் சென்றமர்ந்து, செவிசாய்த்துக் கேட்பாராக!