எஸ்எஸ்டியை ஷ்ரெட் போட்டு அழிக்கிறீர்களா?

பழைய லேப்டாப்பை விற்கும் முன் லினக்ஸ் தெரிந்த மாணவர்கள் பலர் டெர்மினலைத் திறந்து 'ஷ்ரெட்' என்று தட்டிவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். சுழலும் ஹார்ட் டிஸ்க்குக்கு அது சரி. எஸ்எஸ்டிக்கு அதை நம்பவே கூடாது! ஃபிளாஷ் செல்கள் சீக்கிரம் தேயாமலிருக்க, உள்ளேயிருக்கும் கன்ட்ரோலர் ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில்தான் எழுதும். பழையதன் மேலேயே எழுதியதாக ஷ்ரெட் நினைத்துக்கொள்ளும். போட்டோ, பாஸ்வேர்டு எல்லாம் ஏதோ ஒரு மூலையில் அப்படியே கிடக்கலாம்... வாங்குகிறவர் யாரோ!

அழிக்கும் வேலையை டிரைவிடமே விடுவதுதான் புத்திசாலித்தனம். சாட்டா என்றால் 'எச்டிபார்ம்' வழியாக செக்யூர் இரேஸ். என்விஎம்இ என்றால் 'என்விஎம்இ ஃபார்மேட்', எஸ்இஎஸ் மதிப்பு 1. அதற்கு முன் 'எல்எஸ்பிஎல்கே' போட்டு டிரைவின் பெயரை இரண்டு தடவை பாருங்கள். (ரீசைக்கிள் பின் எல்லாம் இங்கே கிடையாது.) சில லேப்டாப்களில் சாட்டா டிரைவ் 'ஃப்ரோசன்' என்று அடம்பிடிக்கும், ஒருமுறை சஸ்பெண்ட் செய்து எழுப்பினால் பெரும்பாலும் வழிக்கு வந்துவிடும்.