இரவு அவைகளுடையது



நம் வாலிபர் ஐக்கியத்தார் இவ்வாண்டு முகாமை மசினகுடிப் பக்கம், காட்டை ஒட்டிய ஒரு விடுதியில் நடத்த விரும்புகிறார்கள். இரண்டு நாள் தங்கல், ஜீப்பில் காட்டைச் சுற்றிப் பார்த்தல், இரவில் தீமூட்டிச் சுற்றிலும் அமர்ந்து ஒலிபெருக்கியோடு துதி ஆராதனை என்பது அவர்களுடைய திட்டம். சபைக் குழுவில் செலவைக் குறித்து மட்டுமே பேச்சு எழுந்தது. எனக்கோ வேறொரு கேள்வி இருக்கிறது. அதைச் சொல்லுமுன் என் குற்றம் ஒன்றை உங்கள் முன் அறிக்கையிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் திருமண வெள்ளி விழாவுக்காகப் பிள்ளைகள் என்னையும் என் மனைவியையும் கபினிக்கு அனுப்பிவைத்தார்கள். ஒரு போதகரின் சம்பளத்தில் எண்ணிப் பார்க்கக்கூடிய இடமன்று அது. மைசூரிலிருந்து ஹெக்கடதேவன்கோட்டை வழியாகச் சென்றால் காராப்பூர் வரும். மைசூர் மகாராஜாக்களின் வேட்டை மாளிகை அங்கே ஆற்றங்கரையில் இருந்தது; வைஸ்ராய்களும் அங்கே விருந்துண்டிருக்கிறார்கள். 1980-ல் தொடங்கப்பட்ட கர்நாடக அரசின் வனவிடுதி நிறுவனம் அதைப் பயணிகள் தங்கும் இடமாக்கியது. அதை வளர்த்தெடுத்த கர்னல் ஜான் வேக்ஃபீல்டு இளவயதில் வேட்டைக்காரர். பின்பு துப்பாக்கியை வைத்துவிட்டுக் காட்டைக் காக்கிறவராக மாறி, 2010-ல் மரிக்கும்வரை அவ்விடத்திலேயே வாழ்ந்தார். மனந்திரும்புதலுக்கு நல்ல உதாரணம் என்று அன்று என் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். என் சொந்த மனந்திரும்புதல் மறுநாளுக்குக் காத்திருந்தது.

இரண்டு முறை ஜீப்பில் சென்றும் புலி தென்படவில்லை. மூன்றாம் முறை ஒரு யானைக் கூட்டம் தூரத்தில் நின்றது. நடுவே ஒரு குட்டி. கிட்டப் போகும்படி ஓட்டுநரிடம் கேட்டேன். அவர் தயங்கினார். "இவ்வளவு பணம் கொடுத்து வந்திருக்கிறோமே" என்று சொன்னேன். ஆம், நான்தான் சொன்னேன். அவர் வண்டியின் எஞ்சினை நிறுத்திவிட்டு, நம் தமிழிலேயே, "சார், குட்டி இருக்கு. அவங்க முதல்ல போகட்டும்" என்றார். அரைமணி நேரம் அசையாமல் இருந்தோம். என் மனைவி என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

அந்த மாலையில், விடுதியின் முன் விரியும் நீர்ப்பரப்பைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அதன் வரலாறு என்னை உறுத்தியது. கபினி அணை 1974-ல் எழுந்தது. அந்த நீரின் அடியில் காகனகோட்டைக் காட்டின் ஒரு பகுதி இருக்கிறது. சாண்டர்சன் என்னும் ஆங்கிலேயர் 1870-களில் மைசூர் நாட்டில் தொடங்கிய 'கெத்தா' முறையில் அங்கே யானைகளைப் பிடித்தார்கள். கூட்டம் கூட்டமாய் ஆட்கள் பறையடித்து, கூச்சலிட்டு, தீப்பந்தங்களைக் காட்டி, குட்டிகளோடு சேர்த்து யானைகளை ஆற்றுக்கும் அடைப்புக்கும் விரட்டுவார்கள். அரச விருந்தினர் மேடையில் அமர்ந்து அதைக் கண்டு களிப்பார்கள். 1971-ல்தான் கடைசி கெத்தா நடந்தது. மறு ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. யானையைத் திகிலடையச் செய்ய மனிதன் கண்டுபிடித்த ஆயுதங்கள் இரண்டு: நெருப்பும் பேரொலியும். நம் வாலிபரின் திட்டத்தில் இருக்கும் அவ்விரண்டும் அவைகளே. அவர்கள் உள்ளத்தில் இருப்பது துதி. யானையின் காதுக்கு அது எப்படித் தெரியும்?

சங்கீதம் 104-ஐ இந்த வாரம் நிதானமாக வாசியுங்கள். அதன் நடுவே ஒரு கால அட்டவணை இருக்கிறது. இருள் வந்ததும் காட்டு ஜீவன்கள் புறப்படுகின்றன. சிங்கக் குட்டிகள் தங்கள் இரையைத் தேவனிடத்தில் கேட்கின்றன. சூரியன் எழும்பியபின் அவைகள் தங்கள் இருப்பிடத்துக்குத் திரும்ப, மனிதன் தன் வேலைக்குப் போய் மாலைவரை உழைக்கிறான். அம்பத்தூர் எஸ்டேட்டில் இரவு ஷிப்ட் பார்க்கும் நம் சகோதரர்கள் சிரிக்கக்கூடும். ஆனாலும் சங்கீதக்காரன் சொல்வது தெளிவானது: பகல் நமக்கு, இரவு அவைகளுக்கு; இரண்டையும் பகிர்ந்தளித்தவர் ஒருவரே. மைசூரிலிருந்து ஊட்டிக்கு பந்திப்பூர் வழியாகப் போனவர்களுக்குத் தெரியும், இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை அந்தச் சாலை பொதுப் போக்குவரத்துக்கு மூடப்படுகிறது. 2009-லிருந்து அப்படி. பலர் அதைத் தொல்லை என்கிறார்கள். எனக்கு அது சங்கீதத்துக்குக் கீழ்ப்படிந்த ஓர் அரசாணையாகத் தோன்றுகிறது.

"தேவன் நமக்கு ஆளுகையைக் கொடுத்திருக்கிறாரே, போதகரே" என்பீர்கள். ஆதியாகமம் முதலாம் அதிகாரத்தில் உண்டு, மறுக்கவில்லை. அடுத்த அதிகாரத்தையும் வாசியுங்கள். தோட்டத்தில் வைக்கப்பட்ட மனிதனுக்கு இடப்பட்ட வேலைகளுள் ஒன்றுக்கு எபிரெயத்தில் 'ஷாமர்' என்னும் சொல் வருகிறது. காத்தல் என்பது அதன் பொருள். ஆராதனையின் முடிவில் நான் கைகளை உயர்த்திக் கூறும் ஆசாரிய ஆசீர்வாதத்தில், எண்ணாகமம் 6-ல், கர்த்தர் நம்மைக் காப்பதைச் சொல்லும் வினையும் அதுவே. அவர் நம்மை நடத்துகிற விதமாய் நாம் தோட்டத்தை நடத்த வேண்டும் என்று நான் புரிந்துகொள்கிறேன்.

மசினகுடியிலும் இது வெறும் தத்துவமாக இல்லை. அங்குள்ள சீகூர்ப் பீடபூமி வழியாகத்தான் யானைகள் மலைத்தொடர்களுக்கு இடையே நடந்து போகின்றன. அந்த வழித்தடத்தை அறிவித்த 2010-ஆம் ஆண்டு அரசாணையை உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் உறுதிசெய்தது. மூன்று மாதங்கள் கழித்து, 2021 ஜனவரியில், அப்பகுதியில் ஒரு தங்கும் விடுதியருகே வந்த யானையின் மேல் எரியும் பொருளை எறிந்தார்கள். காது கருகிய அந்த யானை, தெப்பக்காடு முகாமுக்குக் கொண்டுசெல்லும் வழியில் இறந்தது. காணொளியைப் பார்த்தவர்கள் நம்மிலும் பலர்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாம் பணம் செலுத்தி நுழையும் நாகரஹொளேக் காட்டிலிருந்து, தலைமுறைகளாய் அங்கே வாழ்ந்த ஜேனு குறுபர் குடும்பங்கள் பல வெளியேற்றப்பட்டன. வாசல் எனக்குத் திறந்தபோது அவர்களுக்கு அடைக்கப்பட்டிருந்தது. இதற்கு எளிய பதில் என்னிடம் இல்லை.

ஆகவே போக வேண்டாம் என்கிறேனா? இல்லை. யோபுவுக்குத் தேவன் விளக்கம் எதையும் அளிக்காமல், மனிதனே இல்லாத நிலத்தில் தாம் பெய்விக்கும் மழையையும், யாருக்கும் அடங்காத காட்டுக் கழுதையையும் காட்டினார். நம் பிள்ளைகள் ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவே வாகன இரைச்சலில் வளர்கிறவர்கள். தாங்கள் மையமல்லாத ஓரிடத்தை அவர்கள் ஒருமுறையாவது காண வேண்டும். வனாந்தரத்தில் நம் ஆண்டவர் காட்டுமிருகங்களின் நடுவே இருந்தார் என்று மாற்கு ஒரே வரியில் எழுதிக் கடந்துபோகிறார். அங்கே அவர் எதையும் விரட்டியதாக எழுதவில்லை.

என் கருத்து இதுதான். விடுதிக்கு முறையான அனுமதி உண்டா என்று முதலில் விசாரிப்போம். தீயும் ஒலிபெருக்கியும் வேண்டாம். இரவு ஆராதனைக்குப் பதிலாக விடியற்காலை ஜெபம், அதுவும் மெல்லிய குரலில். பழகிக்கொள்வதற்காக, வரும் சனிக்கிழமை காலை 6 மணிக்குப் பருத்திப்பட்டு ஏரிக்கரையில் வாலிபர்களோடு ஒருமணி நேரம் பேசாமல் நடக்கப் போகிறேன். கைப்பேசிகளை வீட்டிலேயே விட்டு வாருங்கள். முகாமைப் பற்றிய முடிவை ஞாயிறு இரண்டாம் ஆராதனைக்குப் பின் சபைக் குழுவில் எடுப்போம். மாற்றுக்கருத்து உள்ளவர்கள் தவறாமல் வந்து பேசும்படி கேட்டுக்கொள்கிறேன்.