சிறுநீரக நோயாளர் பொருட்டு ஓர் உல்லாச ஓட்டம்

உடல் நலமுற்றிருக்குங்கால் அதன் உறுப்புக்களை நாம் நினைப்பதில்லை. ஊறு நேர்ந்த பின்னரே நினைக்கின்றோம். நம் முன்னோர் குண்டிக்காய் என வழங்கியதும் இக்காலத்தார் சிறுநீரகம் என்பதுமாகிய உறுப்பு இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாம். கைம்முட்டி அளவினவாய் முதுகெலும்பின் இருமருங்கும் அமைந்த இவ்விரண்டும், நாடோறும் ஏறக்குறைய 180 லிட்டர் நீரைக் குருதியினின்று வடித்து, வேண்டுவதை மீள உடலுக்கு ஈந்து, எஞ்சிய கழிவை ஒன்றிரண்டு லிட்டர் சிறுநீராகப் புறத்தே போக்குகின்றன. இத்துணைப் பெருந்தொழில் புரிவன தம் நலிவைத் தொடக்கத்தில் பெரும்பாலும் உணர்த்துவதில்லை. நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் பல்லாண்டு அரித்த பின்னரே பலர் தம் நோயை அறிகின்றனர்.

நிற்க. இந்நோயாளர்க்குப் பொருள் திரட்டுதற் பொருட்டு மேனாடுகளில் உல்லாச ஓட்டம் என்றொன்றை நடத்துவர். அவ்வழக்கம் இப்பொழுது நம் நகரங்களிலும் பரவியுள்ளது. அதில் முந்துதல் நோக்கமன்று, பிந்தினார்க்கு இழிவுமில்லை. வல்லார் ஓடுவர், மாட்டார் நடப்பர். ஒவ்வொருவரும் உற்றாரிடமும் நண்பரிடமும், கிலோமீட்டர் ஒன்றுக்கு இவ்வளவு என முன்னரே வாக்குப் பெற்று, ஓடி முடித்த பின் அப்பொருளைத் தொகுத்து நிதியிற் சேர்ப்பர். 2006-ஆம் ஆண்டு முதல் மார்ச்சு மாதத்து இரண்டாம் வியாழக்கிழமை உலகச் சிறுநீரக நாளாகக் கொண்டாடப்பட்டு வருகின்றது. வருமாண்டு அந்நாளில் நம் கலாசாலையும் 5 கிலோமீட்டர் ஓட்டம் ஒன்றை மேற்கொள்ளல் வேண்டும் என்பதே யாம் ஈண்டு வற்புறுத்தப் புகுந்தது.

"பிறர் துன்பத்தின் பெயரால் நாம் களித்து ஓடுதல் தகுமோ?" எனச் சிலர் வினவலாம். வினா நேரியதே. ஆயினும், 1978-ஆம் ஆண்டில் இங்கிலாந்து தேயத்துப் போர்ட்ஸ்மவுத் நகரில் தொடங்கிய மாற்றுறுப்புப் பெற்றோர் விளையாட்டுப் போட்டிகளில், பிறர் ஈந்த சிறுநீரகம் தாங்கியவர்களே ஓடியும் நீந்தியும் மகிழ்கின்றனர். நோயுற்றோரே விழைவது மகிழ்ச்சியாயின், அவர் பொருட்டு ஓடுவார் முகம் வாடியிருத்தல் எற்றுக்கு? நம் போன்ற கலாசாலைகட்கு இதன்கண் தனியுரிமையும் உண்டு. இந்நாட்டில் வெற்றி கண்ட முதற் சிறுநீரக மாற்றுச் சிகிச்சை 1971-ஆம் ஆண்டில் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலேயே நிகழ்ந்ததன்றோ?

இனி, இதனினும் வலியதோர் தடை உளது. "வறியோர்க்கு அரசாங்கமே இலவசச் சிகிச்சை அளிக்கின்றது; மாணாக்கர் திரட்டும் சிறுபொருளால் ஆவதென்னை?" என்பர். 2016-ஆம் ஆண்டில் தோன்றிய தேசிய டயாலிசிஸ் திட்டத்தால், குருதியை எந்திரத்தால் வடித்துத் தூய்மை செய்யும் சிகிச்சை மாவட்ட மருத்துவமனைகளில் வறியோர்க்குக் கட்டணமின்றிக் கிடைப்பது உண்மையே. ஆயின், அச்சிகிச்சை பொதுவாக வாரத்தில் மும்முறை, முறைக்கு நான்கு மணி நேரம் அளவு நடைபெறுவது. ஆண்டொன்றிற்கு 156 முறையாகும். நோயாளர் வாழும் சிற்றூர் மருத்துவமனைக்கு 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது எனக் கொள்வோம். போய் மீள 40 கிலோமீட்டர். ஆண்டு முழுதும் 6,240 கிலோமீட்டர். சிகிச்சை முடிந்து தளர்ந்தவர் நெரிசல் மிக்க பேருந்தில் நின்று வருதல் அரிதாகலின், பல நாள் ஆட்டோ வண்டி வேண்டும். அந்நாட்களில் அவர்க்குக் கூலியில்லை. துணை வரும் மனைவிக்கோ மகனுக்கோ அன்றைய வேலையுமில்லை. எந்திரம் இலவசமாயிருந்தும், வழிச்செலவுக்கு வகையின்றி ஒரு முறையைத் தவறவிடுவார்க்கு, நீரும் உப்பும் உடலிற் றேங்கி உயிர்க்கே இறுதி நேர்தலும் கூடும்.

ஆதலின், நாம் திரட்டும் பொருளைப் பெருங்காரியங்களிற் சிதறாது, அணிமையிலுள்ள அரசினர் மருத்துவமனையில் சிகிச்சை பெறும் ஏழையர் சிலரின் வழிச்செலவுக்கே ஒதுக்குதல் வேண்டும் என்பது எம் துணிபு. சிகிச்சைக்குப் பொருள் வேண்டாவாயினும் சிகிச்சைக்குச் செல்லும் வழிக்கு வேண்டும். ஓடித் திரட்டிய பொருள் ஒருவர் வழிநடைக்கே உதவுதல் பொருத்தமும் உடைத்து.

இவ்விடத்து ஓர் எச்சரிக்கை. அச்சிட்ட மேற்சட்டை, பதக்கம், மேடை, ஒலிபெருக்கி என்பவற்றிற்கே வருவாயின் பெரும்பகுதியைச் செலவிடும் ஓட்டங்கள் உள. நாம் அவ்வழிச் செல்லலாகாது. பழைய சட்டை அணிந்து ஓடினால் கால் தடுக்காது. வரவும் செலவும் அடுத்த ஆண்டுச் சஞ்சிகையில் காசு தவறாது அச்சிடப்படுதல் வேண்டும். அஃது இயலாதெனின் ஓடாமையே நன்று.

ஓடுவாரும் தம் சிறுநீரகத்தைப் பேணுதல் கடன். மார்ச்சு மாத வெயில் கொடிதாகலின், ஓட்டம் கதிரவன் எழுமுன் தொடங்குக. தாகத்திற்கேற்ப நீர் பருகுக. நோவு தோன்றாதிருத்தற்கென வலி நீக்கும் மாத்திரையை விழுங்கி ஓடுவார் சிலர். உடலில் நீர் வற்றிய வேளையில் அம்மாத்திரைகள் சிறுநீரகத்திற்கே ஊறு செய்வன. ஓட்டம் முடியுமிடத்தில், வந்தவர் அனைவர்க்கும் இரத்த அழுத்தம் அளந்து, சிறுநீரிற் புரதம் உளதா எனச் சோதித்தற்கு ஏற்பாடு செய்க. மாணாக்கரே யன்றி, ஆசிரியரும், பழைய மாணவரும், விடுதிச் சமையற்காரரும், காவலரும் அச்சோதனைக்கு வருக. அவருள் ஒருவர்க்கேனும் மறைந்திருந்த நோய் காலத்தே புலப்படின், அஃதொன்றே நம் முயற்சிக்குப் போதிய பயனாம்.

மாணாக்க நண்பர்காள்! நாம் ஓடுவது ஒருநாட் காலையில் ஒருமணிப் பொழுது. நோயாளர்க்கோ வாரத்தில் மூன்று நாள் வழியிலும் கட்டிலிலும் கழிகின்றன. அவ்வழியிற் சிறிதளவேனும் அவர்க்கு எளிதாக்க நம்மால் இயலும். தேர்வு அணுகிற்றே என்று தயங்கற்க. வைகறையில் ஓடி வந்தார்க்கும் படிக்கப் பகல் எஞ்சியிருக்கும்.