சட்டமும் நாமும்: மகளோடு ஸ்கூட்டரும் மட்டக்களப்புக்குப் போகிறது



புளியங்கூடலில் இருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகளுக்கு வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்தில் அனுமதி கிடைத்துள்ளது. வெளியே அறை எடுத்துத் தங்கப் போகிறாள். பின்னேர வகுப்பு முடிந்து இருட்டில் தனியே நடக்க வேண்டாம் என்று, வீட்டில் நிற்கும் ஸ்கூட்டரைக் கொடுத்தனுப்ப விரும்புகிறார். காப்புறுதி யாழ்ப்பாணத்தில் எடுத்தது. மட்டக்களப்பில் அது செல்லுமா? மகள் ஓடினால் செல்லுமா? இதுதான் கேள்வி. கடிதத்தின் அடியில், ஸ்கூட்டரின் புத்தகம் இன்னும் முன்னைய சொந்தக்காரரின் பெயரிலேயே இருக்கிறது என்று ஒரு வரியும் எழுதியிருந்தார். உண்மையான தலையிடி அந்த வரியில்தான் இருக்கிறது.

முதற் கேள்விக்குப் பதில் சுலபம். காப்புறுதிக்கு மாகாண எல்லை கிடையாது. வட மாகாணத்தில் எடுத்த வருமான அனுமதிப்பத்திரமும் நாடெங்கும் செல்லும். ஆனால் இரண்டும் எந்த மாதம் முடிகின்றன என்று அனுப்புமுன் பாருங்கள். வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கக் காப்புறுதிச் சான்றிதழோடு புகைப் பரிசோதனைச் சான்றிதழும் வேண்டும். புகைப் பரிசோதனைக்கு வாகனமே போக வேண்டும். பரீட்சைக் காலத்தில் பிள்ளை இதற்கு அலையாமல், அங்கேயே பரிசோதனை செய்து சான்றிதழை உங்களுக்கு அனுப்ப முன்கூட்டியே நாள் பார்த்து வையுங்கள்.

மகள் ஓடலாமா? அந்த வகை வாகனத்துக்குரிய சாரதி அனுமதிப்பத்திரம் அவளிடம் இருந்தால் பெரும்பாலான பத்திரங்களில் ஓடலாம். ஆனாலும் "பெரும்பாலான" என்பதை நம்பி இருக்க வேண்டாம். காப்புறுதிப் பத்திரத்தில் யார் ஓட்டலாம் என்று ஒரு பந்தி இருக்கும். அதை வாசியுங்கள். வாகனம் இனி மகளிடம், வேறு மாவட்டத்தில், இன்ன விலாசத்தில் நிற்கும் என்று கம்பனிக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, பிரதியில் முத்திரை குத்தி வாங்கி வையுங்கள். வாயால் சொன்னதற்குப் பின்னர் சாட்சி இராது. ஏஜென்டுத் தம்பி "அது ஒன்றும் பிரச்சினை இல்லை அக்கா" என்பார். பாவம், அவர் நல்ல பிள்ளையாகவே இருப்பார். ஆனால் நட்டஈட்டைத் தீர்மானிப்பது அவர் அல்ல.

அறைத் தோழிகளுக்கு இரவல் கொடுப்பதுதான் பெரிய ஆபத்து. அனுமதிப்பத்திரம் இல்லாத ஒரு பிள்ளை சந்திக் கடைக்கு என்று எடுத்துப் போய் ஒருவரை மோதினால், கம்பனி கைவிரிக்கலாம். அல்லது காயப்பட்டவருக்குக் கொடுத்துவிட்டு, அந்தக் காசை உங்களிடம் அறவிட வரலாம். மகளிடம் இதைக் கண்டிப்பாகவே சொல்லுங்கள்.

இனி எந்தக் காப்புறுதி என்ற விடயம். 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் மூன்றாம் தரப்புக் காப்புறுதியைக் கட்டாயமாக்குகிறது. அது வீதியில் அடிபடுகிற மற்றவரின் உயிருக்கும் காயத்துக்குமானது. அடுத்தவரின் மதிலுக்கும் காருக்கும் உங்கள் பத்திரத்தில் எழுதிய தொகை வரைதான். உங்கள் ஸ்கூட்டர் உடைந்தாலும் களவு போனாலும் ஒரு சதமும் வராது. பின்னால் இருந்து வருபவருக்கு என்ன உண்டு என்பதையும் கேளுங்கள். தோழிகள் ஏறாமல் இருக்க மாட்டார்கள்.

முழுக் காப்புறுதி எடுப்பதானால், வாகனத்தின் பெறுமதியை இன்றைய விலைக்கு எழுத வேண்டும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின் பழைய ஸ்கூட்டர்களின் விலை வாங்கிய விலையைத் தாண்டிப் போனது. 2025 இல்தான் மீண்டும் இறக்குமதி தொடங்கியது. பழைய தொகையையே வருடாவருடம் புதுப்பித்தவர்களுக்குக் களவு போனபோது கிடைப்பது இன்னொரு ஸ்கூட்டர் வாங்கக் காணாது. மிகப் பழைய வாகனம் என்றால் முழுக் காப்புறுதிக்குக் காசு கொட்ட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கடன்பட்டு வாங்கிய ஒரே வாகனம், தெரியாத ஊரில் அறை வாசலில் இரவு நிற்கப் போகிறது என்றால் எடுப்பதே நல்லது.

முழுக் காப்புறுதி என்ற பெயரை நம்பி எல்லாம் அடங்கும் என்று எண்ணவும் வேண்டாம். கலவரம், வேலைநிறுத்தம், பயங்கரவாதம் என்பவற்றால் வரும் சேதத்துக்குத் தனியாகக் கட்டுப்பணம் உண்டு. அந்த நிதியை இப்போது, 2006 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் நடத்துகிறது. 2022 மே 9 வன்செயலில் பல வாகனங்கள் எரிந்தபோதுதான் தெற்கிலும் பலர் இந்த வரியைத் தேடி வாசித்தார்கள். எரிந்த வீட்டையும் வாகனத்தையும் விட்டு ஓடிய நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. வெள்ளமும் அப்படியே. மட்டக்களப்பு மாரியில் வெள்ளம் நிற்கிற ஊர். வெள்ளச் சேதம் உள்ளே இருக்கிறதா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

இப்போது அந்தக் கடைசி வரி. "ஓபன் பேப்பரில்" வாங்கிய வாகனத்துக்குக் காப்புறுதி எடுத்துவிடலாம், கட்டுப்பணமும் வாங்குவார்கள். நட்டஈடு கேட்கும் நாளில்தான் "பதிவுச் சொந்தக்காரர் யார்?" என்ற கேள்வி வரும். விற்றவர் கனடா போய்விட்டால், இறந்துவிட்டால், யாரிடம் கையெழுத்து வாங்குவது? ஆகவே அந்தத் தாய் முதலில் செய்ய வேண்டியது புத்தகத்தைத் தன் பெயருக்கு மாற்றுவதே. லீசிங் என்றால் புத்தகத்தில் கம்பனியின் பெயரும் இருக்கும். அது தீர்ந்ததும் அந்தப் பெயரை நீக்குவிக்க மறக்க வேண்டாம்.

எங்கள் வாசகிகள் பலருக்கு வாகனம் கணவரின் பெயரில் இருக்கிறது. இறந்தவர் என்றால் இறப்புச் சான்றிதழோடு உரித்து மாற்றலாம். காணாமற்போனவர் என்றால்? மரணச் சான்றிதழ் எடு என்று சொல்வோர் உண்டு. மனம் ஒப்பாவிட்டால் எடுக்கத் தேவையில்லை. 2016 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் காணக்கிடைக்காமைச் சான்றிதழுக்கு இடம் தந்துள்ளது. அவர் இறந்தார் என்று அதில் ஒரு சொல்லும் இல்லை. அவருடைய சொத்துக்களைத் தற்காலிகமாகப் பராமரிக்க அது உதவும். ஆனால் அதை வைத்துக் காப்புறுதியைத் தொடரலாமா, பெயர் மாற்றலாமா என்பது ஒவ்வொருவர் விடயத்திலும் வேறுபடும். சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்தில் வருமானம் குறைந்தோருக்கு இலவச ஆலோசனை கிடைக்கும். புத்தகம், பழைய காப்புறுதிப் பத்திரம், பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி எல்லாவற்றையும் ஒரு கோவையில் போட்டுக்கொண்டு போங்கள்.

விபத்து நடந்தால் மகள் செய்ய வேண்டியது: காயப்பட்டவரைக் கவனிப்பது, பொலிசுக்கும் கம்பனிக்கும் உடனே அறிவிப்பது, படம் எடுப்பது. அங்கேயே காசு கொடுத்துச் சமாதானம் பேசவோ, வாசிக்க முடியாத சிங்களப் படிவத்தில் கையெழுத்திடவோ கூடாது. தமிழில் வாக்குமூலம் கொடுக்க அவளுக்கு உரிமை உண்டு. கம்பனி நியாயமில்லாமல் மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். முதலில் கம்பனியின் தலைமை அலுவலகத்துக்கு முறையிடுங்கள். அங்கும் தீராவிட்டால் காப்புறுதிக் குறைகேள் அதிகாரிக்கோ, இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கோ எழுதலாம். தமிழிலேயே எழுதுங்கள். பத்திர இலக்கத்தையும் மறுப்புக் கடிதத்தின் பிரதியையும் இணைக்க வேண்டும்.